கீரைக்காரி கூவாத வரிசை

ஐயம்பேட்டையிலிருந்து கீரைக்கூடை சுமந்து வரும் அங்கம்மாள், பிள்ளையார்பாளையத்துக்குள் நுழைந்ததுமே கூவ ஆரம்பித்துவிடுவாள். அரைக்கீரை, முளைக்கீரை, பொன்னாங்கண்ணி என்று ஒவ்வொரு பெயரையும் இழுத்து இழுத்துச் சொல்லிக்கொண்டு வருவாள். எங்கள் வரிசையின் முனைக்கு வந்ததும் வாயை மூடிக்கொள்வாள். ஏழு வீடுகளையும் பேசாமல் கடந்து, கடைசி வீட்டைத் தாண்டிய பிறகுதான் குரல் மறுபடி கிளம்பும். எங்கள் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றுமில்லை. கீரை வாங்காத வீடுகளுக்காகத் தொண்டையை ஏன் கெடுத்துக்கொள்ள வேண்டும்?

ஏழு வீட்டிலும் தறி. வீடு என்றால் நீளமான ஒரே கூடம். முன்பாதியில் தறி, பின்பாதியில் அடுப்பு. தறியில் பட்டு ஏறியிருக்கும்போது வீட்டில் கீரை ஆயக்கூடாது என்பது வரிசையின் சட்டம். ஒரு புடவை இறங்கினால் அடுத்ததற்கான நெடுக்குநூல் பாவு ஏறிவிடும். அதனால் எந்த நாளும் கீரை கிடையாது.

இந்தச் சட்டம் கங்கையம்மாள் வீட்டில் பிறந்தது. அப்போதைக்கு இருபது வருஷத்துக்கு முன்னால், சந்தன நிற உடலும் கிளிப்பச்சைக் கரையுமாக நெய்த ஒரு முகூர்த்தப் புடவையை மடித்து வைத்திருக்கிறார்கள். பிரித்துப் பார்த்தால் சந்தனத்தில் பச்சைத் திட்டு. அன்றைக்குக் காலையில் கங்கையம்மாள் தண்டுக்கீரை ஆய்ந்திருந்தாள். கல்யாண வீட்டார் புடவையைத் தொடவில்லை. அவள் புருஷன் தெருவில் நின்று அவள் கையைப் பிடித்து எல்லோருக்கும் காட்டினாராம், "இந்தக் கைதாம்பா" என்று. அவர் போய்ச் சேர்ந்தும் எட்டு வருஷமாகியிருந்தது. சட்டம் இருந்தது.

கங்கையம்மாளின் மகன் குப்புசாமி அண்ணன். அவர் மனைவி ஏலவார்குழலி. சாயக்காரர் குமாரசாமியின் மகள். எல்லோருக்கும் குழலி, எனக்குக் குழலியக்கா. நான் பக்கத்து வீட்டுப் பூவராகவன் மகள். ஏழாவதோடு பள்ளிக்கூடம் நின்ற பிறகு, அவர்கள் தறிக்கு ராட்டையில் தார்க்குச்சியில் நூல் சுற்றிக் கொடுப்பது என் வேலை.

எழுபத்திரண்டாம் வருஷம் ஆடி மாதம். காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வந்து கதவில் அடித்தது. குழலியக்காவுக்கு ஐந்தாம் மாதம். தறியில் அரக்கு உடலும் மாம்பழ மஞ்சள் கரையுமாக ஒரு கோர்வைப் புடவை. குறுக்குநூலை ஓட்டும் நாடா உடலுக்கு ஒன்று, கரைக்கு வேறொன்று. அண்ணன் இடது பக்கம் தறிக்குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்து மிதிப்பார். வலது கரைக்கான நாடாவை அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வீசிக் கொடுக்க வேண்டும். இரண்டு கைகளும் ஒரு தாளத்தில் ஓட வேண்டும். அன்று பத்து மணிக்குள் நாலு தரம் நாடா அவள் கையிலிருந்து நழுவிக் குழிக்குள் விழுந்தது.

"இன்னா குழலி, நாடா மேல கோவமா?" என்றார் அண்ணன்.

"கண்ணு ரெண்டும் இருட்டிக்கினு வருதுங்க. செத்த இருங்க."

"காப்பி போடட்டுமா?" என்று மாமியாரின் குரல் வந்தது.

"போடுங்க அத்தே."

கங்கையம்மாள் அடுப்பிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இது மூணாவது காப்பி. ஒரு வாய் சோறு எறங்க மாட்டேங்குது, காப்பி மட்டும் சொளசொளன்னு எறங்குது. ஆனா பாரு, மாசமா இருக்கறவ எப்புடி வெளுத்து நெறமா ஆயிட்டா! வந்தப்ப இன்னா கறுப்பு!"

எங்கள் வரிசையில் அதற்குக் குழிவெளுப்பு என்று பெயர். வெயில் படாமல் தறிக்குழி ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இரண்டு வருஷத்தில் வெளுத்துவிடுவார்கள். அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. பெண் பார்க்க வருகிறவர்கள்கூட, "தறி வூட்டுப் பொண்ணு, நெறமாத்தான் இருக்கும்" என்பார்கள். குழலியக்கா வரிசையிலேயே அதிகம் வெளுத்தவள். நகம்கூட வெளுத்திருந்தது.

எனக்கு மட்டும் வேறொன்று தெரியும். பாவுக்குப் போடுகிற அரிசிக் கஞ்சி காய்ந்து சட்டி ஓரத்தில் அப்பளம் மாதிரி ஒட்டியிருக்கும். யாரும் பார்க்காதபோது அக்கா அதை நகத்தால் சுரண்டி வாயில் அடக்கிக்கொள்வாள். கண்ணை மூடி மெல்லுவாள். ஒரு தடவை நான் பார்த்துவிட்டதும், "சொல்லிடாத பாப்பா. இதத் தின்னலன்னா உசுரு நிக்க மாட்டேங்குது" என்றாள். நான் யாரிடமும் சொல்லவில்லை.

மறுநாள் நாடா விழவில்லை, அக்காவே சாய்ந்துவிட்டாள். அண்ணன் தோளில் பிடித்துக்கொண்டார். கண் திறந்ததும் அவள் கேட்டது, "இழை அறுந்துதா?" என்பதுதான்.

"இழை கெடக்குது வுடு" என்று அண்ணன் சத்தம் போட்டார். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அவருக்குப் பயம் வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன் முதல் பிரசவத்தில் அக்காவுக்கு உதிரம் நிற்கவே இல்லை. குழந்தை ஒரு பகல் மட்டும் இருந்தது. அவளைப் பாயோடு தூக்கி வந்து போட்டார்கள், மூன்று மாதம் எழுந்திருக்கவில்லை.

அண்ணன் சொல்லியனுப்பி, பிரசவ நர்சு ஜெயம்மாள் மறுநாளே வந்தாள். வாலாஜாபாத் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். குடையை மூலையில் சாத்திவிட்டு, நேராக அக்காவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தாள்.

"வாயில இன்னா மெல்லற?"

"ஒண்ணுமில்லம்மா."

"தொற." அக்கா வாயைத் திறந்தாள். கஞ்சிச் செதில்.

"அய்யய்ய!" என்றாள் கங்கையம்மாள். "பாவுக் கஞ்சிம்மா அது! இன்னாடி வூடு இது, சோறு போடாமயா வுட்டேன்?"

"திட்டாதீங்கம்மா. ஒடம்புல ரத்தம் கொறஞ்சா நாக்கு இப்புடித்தான் அலையும். ஒருத்தி மண்ணு தின்னுவா, ஒருத்தி சாம்பல் தின்னுவா. தறி வூட்ல கஞ்சி." ஜெயம்மாள் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்தாள். ஒரு பக்கத்தில் வரிசையாகப் பத்துச் சிவப்புக் கட்டங்கள். வெளிறிய சிவப்பில் தொடங்கி அடர்ந்த சிவப்பு வரைக்கும். கீழே பத்து, இருபது என்று நூறு வரை எண்கள். மற்றப் பக்கங்கள் எல்லாம் மை ஒற்றும் தாள். அக்காவின் விரலில் ஊசி குத்தி, ஒரு சொட்டைத் தாளில் ஒற்றி, கட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எழுபது. பரவால்லியே! இத வெச்சுக்கினா மயங்கி வுழுந்த?"

கங்கையம்மாளுக்கு மூச்சு வந்தது. அக்கா மட்டும் எழுந்து உட்கார்ந்தாள்.

"நர்சம்மா, இன்னும் மினுக்கு அடங்கல. செத்த இருந்து பாருங்க."

"எனக்கு இன்னும் ஒம்போது வூடு இருக்குதும்மா."

"ஈரத்துல எந்தச் சிவப்பும் ஒரு படி ஏறித்தான் காட்டும். எங்கப்பா சாயத்தொட்டியில ஆறு வயசுலேர்ந்து பார்க்கறேன். மினுக்கு போன ஒடனே பார்த்துடணும். முழுசா காஞ்சாலும் கறுத்துடும், தப்பாப் போயிடும். இங்க இருட்டு வேற. வாசலுக்கு வாங்க."

ஜெயம்மாள் சிரித்துவிட்டாள். ஆனாலும் வாசலுக்கு வந்தாள். வெளிச்சத்தில் தாளை நீட்டிப் பிடித்தார்கள். சொட்டின் மேலிருந்த பளபளப்பு மெல்ல அடங்கியது. அக்கா குனிந்து பார்த்தாள். தகப்பன் சாயமிறக்கிய நூலை முதலாளிக்குக் காட்டும்போது இருக்கிற முகம் அவளுக்கு வந்திருந்தது.

"இதோ, இது" என்று ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். "அம்பது. அம்பதுக்கும் ஒரு நூல் கம்மிதான். நாப்பது இல்ல."

சரியாகச் சொன்ன சந்தோஷத்தில் நிமிர்ந்தாள். அதன் பிறகுதான், அது தன்னுடைய ரத்தம் என்று அவளுக்கு நினைவு வந்தது போலிருந்தது.

ஜெயம்மாள் இரண்டாவது விரலில் குத்தி மறுபடி பார்த்தாள். இந்தத் தடவை அவளும் பொறுத்திருந்தாள். அதே கட்டம்.

"போன தபா இன்னா ஆச்சுன்னு சொல்லுங்க" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கங்கையம்மாள் சொன்னாள். கேட்டுவிட்டு ஜெயம்மாள் அண்ணனைப் பார்த்துப் பேசினாள். "அதே மாதிரி இந்தத் தபாவும் கொட்டுச்சுன்னா, இந்த ரத்தம் தாங்காதுப்பா. மார்கழிக்குள்ள எழுபதுக்கு மேல ஏத்தணும். ஏத்தினாலும் ரெண்டு பேரை ரத்தம் குடுக்கறதுக்குத் தயாரா இட்டுக்கினு ஆஸ்பத்திரிக்குப் போங்க. ஏத்தலன்னா, யாரை இட்டுக்கினு போனாலும் என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

"ஊசி கீசி இருந்தா..."

"மாத்திரை தர்றேன். பத்து நாளைக்குத்தான் இருக்குது, இன்னும் வந்தா தர்றேன். அத மட்டும் நம்பி உக்காராத. சோத்துல ஏத்தணும். ஈரல் துன்னுவியாம்மா?"

"சிவசிவா!" கங்கையம்மாள் காதைப் பொத்திக்கொண்டாள். "ஏகாம்பரநாதர் தேருக்கு வடம் புடிக்கற வூடும்மா இது."

"சரி, வாணாம். கம்பு, கேவுரு, கொள்ளு, எள்ளு, வெல்லம். அலுமினியச் சட்டியக் கடாசிட்டு இரும்புச் சட்டியில ஆக்குங்க. சோத்தோட எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ இருக்கணும். காப்பி பசியக் கொன்னுடும், அதக் கொறைக்கணும். எல்லாத்துக்கும் மேல கீரை. தெனமும் கீரை. முருங்கைக்கீரைன்னா ரொம்ப நல்லது."

கங்கையம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். "மத்ததெல்லாம் ஆக்கிப் போடறேன் தாயே. கீரை மட்டும் இந்த வூட்ல ஆவாது."

"ஏன், சாமி குத்தமா?"

"கை குத்தம்" என்றாள் கங்கையம்மாள். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று மாலை குழலியக்கா என்னிடம், "பாப்பா, அத்தையோட பெட்டிய நீ பார்த்திருக்கியா? அந்தப் பொடவை இன்னும் இருக்குதா?" என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. அவளே போய் மாமியார் முன்னால் உட்கார்ந்தாள்.

"அத்தே, அந்தப் பொடவைய ஒரு தபா காட்டுங்க."

"எதுக்கு? என்னைக் குத்திக் காட்டறதுக்கா?"

"நான் பச்சைய பார்க்கணும். வேற ஒண்ணுமில்ல."

"ஒன் மாமனாரே பார்த்துட்டுச் சொன்ன பச்சைடி அது."

"மாமா நல்லா நெய்வாரு. சாயம் அவருக்குத் தெரியுமா?"

கங்கையம்மாள் பெட்டியைத் திறந்து, பழைய வேட்டியில் சுற்றியிருந்த புடவையை எடுத்து மருமகள் மடியில் போட்டாள். அக்கா அதைப் பின்கட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் மடிப்பு மடிப்பாகப் பிரித்தாள். ஒவ்வொரு மடிப்பிலும் ஒரே இடத்தில் பச்சைத் திட்டு. மடிப்பு கீழே போகப் போகத் திட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது. அதை முகர்ந்தாள், நகத்தால் கீறினாள், சூரியனுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

மறுநாள் அங்கம்மாள் எங்கள் வரிசையை வழக்கம்போலப் பேசாமல் கடந்தபோது அக்கா வாசலில் நின்று, "கீரைம்மா, இப்புடி வா" என்றாள். அங்கம்மாள் திரும்பிப் பின்னால் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று.

"என்னையா?"

"ஒன்னைத்தான். தண்டுக்கீரை ஒரு புடி குடு."

"இன்னாம்மா, இந்த வரிசையில கீரை வாங்கினா மழை கொட்டுமே! குடை கூட எடுத்தாரல நான்."

அக்கா சிரித்துக்கொண்டே அந்தக் கீரையை வாசலிலேயே கசக்கி, முன்பு ஒரு புடவை நெய்து மிஞ்சிய சந்தனப் பட்டுத் துண்டில் நன்றாகத் தேய்த்தாள். கங்கையம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். துண்டு பச்சையாயிற்று. அதைப் பின்கட்டுக் கொடியில் வெயிலில் போட்டாள். முதல் நாள் பச்சை. இரண்டாம் நாள் பாசி நிறம். நாலாம் நாள் எடுத்தபோது காய்ந்த புகையிலை மாதிரி பழுப்பு. துளிப் பச்சைகூட மிச்சமில்லை.

அக்கா அந்தத் துண்டையும் பழைய புடவையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தாள். பெட்டிக்குள் இருந்ததை வெயிலில் காய்ந்ததோடு ஒப்பிடக்கூடாது என்று யாராவது சொல்லக்கூடும் என்பதற்காக, புடவையின் திட்டுள்ள மடிப்பையும் அந்த நாலு நாளும் அதே கொடியில் காயப் போட்டிருந்தாள். அது அப்படியே கிளிப்பச்சையாக நின்றது. பிறகு வெள்ளைத் துணியை வெந்நீரில் நனைத்துப் புடவையின் கரை மேல் வைத்து அழுத்தினாள். துணியில் பச்சை இறங்கியது. புடவையின் திட்டு எந்தப் பச்சையோ அதே பச்சை.

"அத்தே, இது கீரை இல்ல. கீரைன்னா இத்தினி வருஷத்துல எப்பவோ பழுத்துப் போயிருக்கும். இது கரையோட சாயம். சரியாப் புடிக்காத சாயம். மடிச்சு வெச்சப்ப ஈரம் பட்டிருக்குது, கரையிலேர்ந்து ஒடம்புக்கு எறங்கியிருக்குது. அதான் மடிப்பு மடிப்பா ஒரே எடத்துல இருக்குது. கை பட்டா ஒரு மடிப்புலதான் இருக்கும்."

கங்கையம்மாள் புடவையைப் பார்த்தாள். தன் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அப்ப நான் தொட்டதால இல்லியா?"

"இல்லத்தே."

"இருவது வருஷம்டி. தெருவுல நிக்க வெச்சாரு. நானும் ஆமா என் கைதான்னு சொன்னேன்."

அண்ணன் தறியை விட்டு இறங்கி வந்து நின்றார். கங்கையம்மாள்தான் முதலில் தெளிந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள். "அது சரி, கரைக்குச் சாயம் போட்டவன் எவன்?"

அக்கா புடவையை மடிக்க ஆரம்பித்தாள்.

"ஒன்னைத்தான் கேக்கறேன். அப்ப இந்த வரிசைக்கு யாரு சாயம் போட்டது?"

"ஒரே ஆளுதானம்மா" என்றார் அண்ணன் மெதுவாக.

"எங்கப்பாதான் அத்தே" என்றாள் அக்கா.

பக்கத்து வீட்டுச் சுவருக்குப் பின்னாலிருந்து என் அப்பா பூவராகவன் அடக்க முடியாமல் சிரித்தது கேட்டது. "கங்காக்கா, சம்பந்தி வூட்டுச் சீரு இருவது வருஷம் முன்னாடியே வந்துடுச்சு போல!"

"வாய மூடு பூவராகவா. இட்டுக்கினு வா அந்த சாயக்காரரை."

சாயக்காரர் குமாரசாமி வந்தார். முழங்கை வரை சிவப்பும் நீலமுமாக இருக்கிற மனிதர். எந்தக் கல்யாணத்துக்கும் முழுக்கைச் சட்டைதான் போடுவார். புடவையை வாங்கிக் கரையை எச்சில் விரலால் தேய்த்துப் பார்த்தார். முகம் விழுந்துவிட்டது.

"ஐப்பசி சாயம். வெறகு ஈரம். தண்ணி கொதிக்கறதுக்குள்ள நூலை எறக்கிட்டேன். என் தப்புதாங்க சம்பந்தி. ஆனா என்கிட்ட ஒருத்தரும் கொண்டாந்து காட்டலியே!"

"எப்புடிக் காட்டறது? என் தப்புன்னு நெனச்சுக்கினு பெட்டியில வெச்சுப் பூட்டினேன்."

"இன்னா வேணா சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

"சொல்றேன். சாயத்தொட்டிக்குப் பின்னாடி ஒங்க முருங்கை மரம் நிக்குதா? மார்கழி வரைக்கும் தெனமும் விடியறதுக்கு முன்னாடி ஒரு கட்டு ஒடிச்சு, எலையும் உருவி, சுத்தம் பண்ணி, எங்க வூட்டு வாசல்ல கொண்டாந்து வெக்கணும். ஒரு நாள் தவறினாலும் இந்தப் பொடவையக் கொண்டுபோய் ஒங்க தொட்டி மேல கட்டிடுவேன்."

சாயக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். அவர் ஒரு நாளும் தவறவில்லை.

அதன் பிறகு கங்கையம்மாளின் அடுப்பைப் பார்க்க வேண்டும். பரணில் துரு ஏறிக் கிடந்த இரும்புச் சட்டி புளி போட்டுத் தேய்க்கப்பட்டு இறங்கியது. முருங்கைக்கீரையை எள்ளுப்பொடி தூவி வதக்குவாள். பாசிப்பருப்போடு கடைவாள். கேழ்வரகு மாவில் பிசைந்து அடை தட்டுவாள். கம்பு ஊறவைத்து இடித்துக் கூழ் காய்ச்சி, சின்ன வெங்காயத்தோடு பதினோரு மணிக்குத் தறிக்கே கொண்டுவந்து நிற்பாள். கொள்ளை வறுத்துத் துவையல். வெல்லப்பாகில் எள்ளுருண்டை. இருபது வருஷமாகச் சமைக்காததை எல்லாம் ஒரே மாதத்தில் சமைத்துவிடுவது போலிருந்தது.

பட்டு விஷயத்தில் மட்டும் அவள் கொஞ்சமும் தளரவில்லை. கீரை ஆய்வது பின்கட்டில்தான். ஆய்ந்த பிறகு சீயக்காய் போட்டுக் கை கழுவி, வெள்ளைத் துணியில் துடைத்து, அந்தத் துணியை அண்ணனிடம் காட்டிவிட்டுத்தான் தறிப்பக்கம் வருவாள்.

"நான் கேட்டனாம்மா?" என்பார் அண்ணன்.

"கேக்கலன்னாலும் பாரு. நல்லாப் பாரு. வெள்ளையா இருக்குதா?"

"இருக்குது."

"சொல்லு."

"வெள்ளையா இருக்குதும்மா."

அக்காவுக்கு முதல் பத்து நாள் கீரை குமட்டியது. காப்பியை நிறுத்தியதால் தலைவலி. மதியம் மாமியார் தட்டோடு எதிரில் உட்கார்ந்துவிடுவாள். அந்த வீட்டில் மருமகளுக்கு முன்னால் யாரும் சாப்பிடக் கூடாது என்று புதுச் சட்டம் போட்டாயிற்று. அண்ணன் பசியோடு தறியில் காத்திருப்பார்.

"இன்னும் ரெண்டு வாய். ஒங்கப்பா விடியக்காலையில மரத்துல தொங்கினாரு, அதுக்காவது துன்னு."

"போதும் அத்தே. நான் ஆடா?"

"ஆடுன்னா கேக்காமத் துன்னுமே!"

புரட்டாசியில் ஜெயம்மாள் வந்து பார்த்தபோது அறுபது. ஜெயம்மாளுக்குக் கண் அகன்றது. கஞ்சிச் சட்டி ஓரத்தில் செதில்கள் சுரண்டப்படாமல் அப்படியே இருந்தன. அக்காவுக்கே அது நினைவில்லை. நான்தான் கவனித்தேன்.

விஷயம் வரிசையில் பரவிவிட்டது. மூன்றாவது வீட்டு நீலாம்பாள் தன் மகளை அழைத்து வந்து, "இவளும் வெளுத்துக்கினே போறா, குழிவெளுப்புன்னு வுட்டுட்டேன், இமையப் பாருங்க" என்று ஜெயம்மாள் முன்னால் உட்கார வைத்தாள். என் இமையையும் ஜெயம்மாள் இழுத்துப் பார்த்துவிட்டு, "நீயும் கீரை துன்னு" என்றாள். அங்கம்மாள் எங்கள் வரிசையில் கூவ ஆரம்பித்தாள். பழக்கமில்லாததால் முதல் நாள் அவள் குரல் கொஞ்சம் பயந்தே வந்தது.

ஐப்பசி அடைமழை எல்லாவற்றையும் கெடுக்கப் பார்த்தது. ஈரத்தில் பாவு தொய்ந்து தறி நின்றது. ஐயம்பேட்டைக் கொல்லைகளில் தண்ணீர் நின்றதால் அங்கம்மாள் வரவில்லை. ஒரு புயல் காற்றில் சாயக்காரரின் முருங்கை மரம் பாதி முறிந்து விழுந்தது. அவர் மழையில் நனைந்துகொண்டே வாசலில் வந்து நின்று, முறிந்த கிளைகளின் இலை முழுவதையும் ஒரு கோணியில் கட்டிக் கொண்டுவந்து இறக்கினார்.

"மரம் போச்சு சம்பந்தி. எலை இருக்குது."

கங்கையம்மாள் அந்த இலையைக் கூடத்தில் பாய் விரித்துத் தறிக்குப் பக்கத்திலேயே நிழலில் உலர்த்தினாள். தறிக்குப் பக்கத்தில்! உலர்ந்ததை இடித்துப் பொடியாக்கி டப்பாவில் அடைத்தாள். தறி ஓடாத நாட்களில் அண்ணன் சைக்கிளை மிதித்து வாலாஜாபாத் சந்தைக்குப் போய் கம்பும் கொள்ளும் எள்ளும் கொண்டுவந்தார். முதுகெல்லாம் சேறு தெறித்திருக்கும். "பாலாத்துல தண்ணி போவுது" என்று சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே மூட்டையை அவிழ்ப்பார். குழலியக்கா சோற்றில் முருங்கைப்பொடியும் நல்லெண்ணெயும் பிசைந்து, நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டு, இப்போது யாரும் சொல்லாமலே சாப்பிட்டாள்.

மார்கழி பிறந்து மூன்றாம் நாள் ஜெயம்மாள் புத்தகத்தோடு வந்தாள். ஏழு வீட்டுப் பெண்களும் வாசலில் கூடிவிட்டார்கள். சொட்டை ஒற்றியதும் நீலாம்பாள், "எவ்ளோம்மா?" என்றாள்.

"இரு, மினுக்கு அடங்கட்டும்" என்றாள் ஜெயம்மாள். "குழலி, நீ வாயத் தொறக்கக் கூடாது. நான்தான் சொல்லுவேன்."

பளபளப்பு அடங்கியது. ஜெயம்மாள் தாளை இரண்டு கட்டங்களுக்கு இடையே நகர்த்தினாள். தாளை எடுத்து மறுபடி வைத்தாள்.

"எம்பது. எம்பதுக்கு ஒரு நூல் கம்மி. சரிதானா?"

"சரிதாம்மா" என்றாள் அக்கா.

கங்கையம்மாள் உள்ளே போய் எல்லோருக்கும் எள்ளுருண்டை எடுத்துவந்தாள்.

ஆனாலும் பயம் முழுக்கப் போகவில்லை. எண் எண்தான். போன தடவை கொட்டியது கொட்டியதுதான். ஜெயம்மாள் சொன்னபடி இரண்டு பேரைத் தயார் செய்தார்கள். ஒருவர் சாயக்காரர். இன்னொருவர் என் அப்பா. ஆஸ்பத்திரியில் பரிசோதித்துப் பார்த்து, இரண்டு பேருடைய ரத்தமும் அக்காவுக்குச் சேரும் என்று சொல்லிவிட்டார்கள். வரிசையில் எல்லோரிடமும் அப்பா அதைச் சொன்னார். வீட்டுக்குள் மட்டும், "ஒரு பாட்டில்னா எவ்ளோ இருக்கும்?" என்று அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழிக் கடைசியில் ஒரு காலை, தெருவில் கோலங்கள் காயாமல் இருக்கும்போதே அக்காவுக்கு வலி கண்டது. ரிக்ஷாவில் அவளும் கங்கையம்மாளும். சைக்கிளில் அண்ணன். பின்னால் நடையாகச் சாயக்காரர், அப்பா, வெந்நீர்ச் செம்போடு நான். அப்பா வழியில் இரண்டு இடத்தில் நின்று வாழைப்பழம் தின்றார்.

"நல்லாச் சாப்புட்டாத்தான் குடுக்க முடியுமாம்" என்றார்.

ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டே வந்தது. கங்கையம்மாள் கதவைப் பார்த்தபடி நின்றாள், உட்காரவே இல்லை. அண்ணன் விரல்களால் முழங்காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அது மிதிக்கிற தாளம். உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தால் தாளம் நிற்கும். அடங்கினால் மறுபடி தொடங்கும். பத்தரை மணிக்கு உள்ளே ஓட்டமும் நடையுமாக ஒரு நர்சு போனாள். அண்ணனின் கை அப்படியே நின்றுவிட்டது. அப்பா எழுந்தார். சட்டைக்கையைத் தோள்வரை சுருட்டிக்கொண்டார். முகம் வெளிறியிருந்தது. ஆனால் கதவுக்கு நேரே போய் நின்றார்.

குழந்தை அழுதது. யாரும் அசையவில்லை. போன தடவையும் குழந்தை அழுதது. அதற்குப் பிறகுதான் எல்லாம் நடந்தது.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா வெளியே வந்தார். அவர் எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் கங்கையம்மாள் அவர் கைகளைப் பார்த்தாள்.

"பொம்பளப் புள்ள. ஆறு பவுண்டு. தாயும் நல்லா இருக்கறாங்க."

"உதிரம்?" என்றாள் கங்கையம்மாள்.

"கொஞ்சம் கூடத்தான் போச்சு. தாங்கிட்டாங்க. நல்லாத் தேறிய ஒடம்பு. பசிக்குதுன்னு கேக்கறாங்க." டாக்டரம்மா எங்களைச் சுற்றிப் பார்த்தார். "ரத்தம் குடுக்க வந்தது யாரு?"

சாயக்காரர் முழுக்கைச் சட்டையின் பொத்தானை அவிழ்த்துக்கொண்டு முன்னால் வந்தார். அப்பா ஏற்கனவே முன்னால்தான் நின்றார்.

"நீங்க ரெண்டு பேரும் வூட்டுக்குப் போலாம். தேவையில்ல."

சாயக்காரர் சுவரில் சாய்ந்து, நிறம் ஏறிய இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அப்பா மட்டும் நகரவில்லை.

"இன்னாம்மா, ஒரு சொட்டு கூட வாணாமா? இத்தினி நாளா மனசத் திடம் பண்ணி வெச்சிருக்கறேன். அஞ்சு பழம் துன்னிருக்கறேன்."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே உள்ளே போனார். கங்கையம்மாள் அப்பாவின் பக்கத்தில் போய், சுருட்டியிருந்த சட்டைக்கையைத் தன் கையாலேயே கீழே இழுத்துவிட்டாள்.

"போதும் பூவராகவா, கையை எறக்கு. எங்க வூட்டு ரத்தம் எங்க வூட்லயே இருக்குது" என்று சொல்லிவிட்டு, மருமகளுக்குக் கஞ்சி வாங்க என்னிடமிருந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டு நடந்தாள்.